மோட்டார் இல்லாமல் வந்த ராக்கெட் பெட்டி: வாசகர் கேள்வியும் பதிலும்

சென்ற இதழில் மாடல் ராக்கெட் பற்றி ஒரு சின்னப் பதில் போட்டிருந்தோம். காகிதக் குழாய், பால்சா என்ற லேசான மரத்தில் வால் சிறகு (ஃபின் என்பார்கள்), விரல் நீளத்துக்கு ஒரு கருமருந்து மோட்டார், மேலே போனதும் பாரசூட் விரிந்து இறங்கும், இவ்வளவுதான் எழுதியது. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் காரைக்குடிச் சீமையில் பாதி வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ராக்கெட் பெட்டி வந்து இறங்கியிருக்கும் போல. அதில் அடுக்கு ராக்கெட் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறோம். ஒன்றின் மேல் ஒன்றாக மோட்டார் வைத்து, கீழது எரிந்து முடிந்ததும் மேலது பற்றிக்கொண்டு போவதுதான் அடுக்கு ராக்கெட்.

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் ஊருக்கு வந்தபோது பையனுக்கு இரண்டு அடுக்கு ராக்கெட் கிட் ஒன்று கொண்டுவந்தார். ஒட்டி முடித்துவிட்டோம். பெட்டியில் மோட்டார் மட்டும் இல்லை. தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து அந்த மருந்தை அடைத்துக்கொள்ளலாம் என்கிறார் தெருக்காரர் ஒருவர். அடைக்கலாமா? (ஒரு தந்தை, காரைக்குடி)

கூடாது. இதில் சுற்றி வளைத்துப் பேச ஒன்றுமில்லை.

மாடல் ராக்கெட் மோட்டாரிலும் கருமருந்து, தீபாவளி ராக்கெட்டிலும் ஏறக்குறைய அதே இனம், அப்புறம் ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். வித்தியாசம் மருந்தை அடைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் இயந்திரம் வைத்து அதைக் கெட்டியாக அழுத்துகிறார்கள், அப்படி இறுகிய மருந்து ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை வரிசையாக எரிந்துகொண்டு போகும். பிரித்துக் கொட்டிய தூளைக் குழாயில் திணித்தால் நெருப்பு இடுக்கெல்லாம் புகுந்து மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும், உள்ளே ஏறும் அழுத்தத்தைக் குழாய் தாங்காது. அதற்குப் பெயர் வெடி. அதைப் பையன் பக்கத்தில் நின்று கொளுத்துவான்.

இந்தப் பொழுதுபோக்கே பிள்ளைகள் கையால் மருந்து அடைப்பதைத் தடுக்கத்தான் வளர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-ல் முதல் மாடல் ராக்கெட்டைச் செய்தார். 1957-ல் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கப் பையன்கள் கொல்லைப்புறத்தில் குழாய் அடைத்துக் கையைச் சுட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். மோட்டாரை இயந்திரத்தில் செய்து விற்றுவிட்டால் அடைக்கிற வேலையே இருக்காது என்ற எண்ணம் அப்போதுதான் வலுத்தது, 1958-ல் வெர்ன் எஸ்டஸ் அதற்கான இயந்திரத்தைச் செய்தார். உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் பெட்டி அந்த வழியில் வந்தது.

மச்சானைக் குறை சொல்லாதீர்கள். மோட்டாரை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியில் போட்டும் கொண்டுவர முடியாது, தபாலிலும் அனுப்பக் கூடாது. நம் ஊரில் 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டம் வெடிபொருள் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே ராக்கெட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தயாரிப்பது, வைத்திருப்பது, இறக்குமதி, விற்பனை எல்லாம் அந்தச் சட்டத்துக்கும் 2008-ம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. மேற்பார்வை நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ என்ற மத்திய அமைப்பு. தனி ஆள் ஒருவர் பையனின் பொழுதுபோக்குக்காக அந்தக் கதவைத் தட்டுவது நடைமுறையில் ஆகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

அதனால் கட்டிய ராக்கெட்டை முகப்பில் எல்லோரும் பார்க்க வையுங்கள். அடுத்த முறை பையன் மாமா வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் போய் அங்கே விடட்டும், மோட்டார் அங்கே கடையில் கிடைக்கும். இங்கே பறக்கவிட ஆசை என்றால் தண்ணீர் ராக்கெட் இருக்கிறது: சோடா, கோலா வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப், அவ்வளவுதான். வெறும் குடிநீர் பாட்டிலை எடுக்காதீர்கள், அது அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதில்லை. தண்ணீர் ராக்கெட்டிலும் இரண்டு அடுக்கு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒற்றையை ஒழுங்காக விட்ட பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

கிட்டோடு வந்த தாளில் கீழ் அடுக்குக்கு சி6-0, மேல் அடுக்குக்கு சி6-7 என்று போட்டிருக்கிறது. பூஜ்யம் என்றால் அந்த மோட்டார் எதற்கு? (பிளஸ் ஒன் மாணவி, பள்ளத்தூர்)

நல்ல கேள்வி, அடுக்கு ராக்கெட்டின் சூட்சுமம் முழுக்க அந்தப் பூஜ்யத்துக்குள்தான் இருக்கிறது.

முதலில் எழுத்து. மோட்டார் மொத்தமாகக் கொடுக்கும் உந்துதலின் அளவை அது சொல்கிறது. பி என்றால் 2.51 முதல் 5 நியூட்டன்-வினாடி, சி என்றால் 5.01 முதல் 10, டி என்றால் 10.01 முதல் 20, இப்படி எழுத்துக்கு எழுத்து உச்சவரம்பு இரட்டிக்கும். நடுவில் உள்ள 6 சராசரி விசை, 6 நியூட்டன். பத்தை ஆறால் வகுத்தால் எவ்வளவு நேரம் எரியும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும், இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. சராசரிதான் 6, பற்றிய கொஞ்ச நேரத்தில் விசை சுமார் 14 நியூட்டன் வரை ஒரு எகிறு எகிறிவிட்டு அப்புறம் இறங்கி நிலைக்கும். கிளம்பும்போது ராக்கெட்டை நேராகப் பிடித்திருக்கும் ஏவு கம்பியை விட்டு அது கிளம்புவது அந்த எகிறலில்தான்.

கடைசி எண் தாமதம். சி6-7 எரிந்து முடிந்தபின் ஏழு வினாடி வெறும் புகை மட்டும் விடும், அதற்குள் ராக்கெட் வேகத்தை இழந்து உச்சியை எட்டும், அப்போது முன்பக்கம் இருக்கும் சின்ன மருந்து வெடித்து மூக்குக் கூம்பையும் பாரசூட்டையும் வெளியே தள்ளும்.

பூஜ்யம் போட்ட மோட்டாரில் இந்தத் தாமதமும் இல்லை, தள்ளும் மருந்தும் இல்லை, முன்பக்கத்தை அடைக்கும் களிமண் மூடியும் இல்லை. நெருப்பு மருந்தைத் தின்றுகொண்டே முன்முனைக்கு வரும்போது கடைசியில் மிஞ்சும் மெல்லிய தட்டு உடைந்து, சுடு வாயுவும் கனன்ற துணுக்குகளும் முன்னால் பாயும். நேர் எதிரே மேல் மோட்டாரின் வாய் திறந்திருக்கிறது, அதற்குள் போய் அதைப் பற்றவைக்கும். வயர் கிடையாது, பேட்டரி கிடையாது. மின்சாரத்தில் பற்றவைக்கும் திரி (இக்னைட்டர்) கீழ் மோட்டாருக்கு மட்டும்தான். மேல் மோட்டார் பற்றிய வேகத்தில் கீழ் அடுக்கு கழன்று, பாரசூட் எதுவும் இல்லாமல் உருண்டு புரண்டு மெதுவாகக் கீழே வந்துவிடும்.

மோட்டார்களை ஏற்றும் முன் பேனாவால் 'கீழ்', 'மேல்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இடம் மாறினால், கீழே போன சி6-7 எரிந்து முடித்துவிட்டு ஏழு வினாடி சும்மா இருக்கும், ராக்கெட் அதற்குள் தலைகுப்புறத் திரும்பியிருக்கும். மேலே போன சி6-0 பற்றினாலும் பாரசூட்டை முழு வேகத்தில் இருக்கும்போதே நெருப்போடு சந்திக்க வைக்கும். இரண்டுமே நாம் பார்க்க விரும்பாத காட்சி.

டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பேரன் இரண்டு அடுக்கு ராக்கெட் விட்டான். கீழ்ப்பகுதி நன்றாகத்தான் போனது, மேல்பகுதி பற்றியதும் படுத்தவாக்கில் சீறிக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. கிட் சரியில்லை என்கிறான் பேரன், காற்று என்கிறான் மகன். யார் சொல்வது சரி? (ஒரு வாசகி, தேவகோட்டை)

ஆச்சி, மகன் சொல்வதில் முக்கால் பங்கு நியாயம் இருக்கிறது. மிச்சக் கால் பங்கு கிட் மேல் விழுமா என்றால், பெரும்பாலும் இல்லை, பேரன் அதில் கூடுதலாக எதையாவது ஏற்றியிருப்பான்.

ராக்கெட் கம்பியை விட்டு வெளியேறும்போது அதற்கு வினாடிக்கு 13 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் ஃபின்கள் காற்றைப் பிடித்து அதை நேராக வைத்திருக்கும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் வினாடிக்கு 5 மீட்டர் காற்று அடிக்கிறது என்று வையுங்கள், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர், துணி நன்றாக ஆடுகிற காற்று. ராக்கெட்டுக்குத் தெரிவது மேலிருந்து வரும் காற்றும் பக்கத்திலிருந்து வரும் காற்றும் சேர்ந்த ஒன்று, அது இருபது பாகைக்குக் குறையாமல் சாய்ந்து வரும். ஃபின்களுக்குத் தெரிந்தது ஒரே வேலை, வாலைக் காற்று போகும் பக்கம் தள்ளி மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்புவது. அதனால் ராக்கெட் காற்றை நோக்கிச் சாயும். அது ஃபின் தன் வேலையைச் சரியாகச் செய்வதன் விளைவு, கோளாறு இல்லை.

ஒற்றை அடுக்கு ராக்கெட் இப்படிச் சாய்ந்தால் பெரிய சேதம் இல்லை, கொஞ்சம் உயரம் குறையும், கொஞ்சம் தூரம் நடக்க வேண்டும். இரண்டு அடுக்கில்தான் வினை. கீழ் மோட்டார் எரியும் இரண்டு வினாடியில் ஏறிய சாய்வு அப்படியே இருக்க, அந்தச் சாய்ந்த மூக்குக்குப் பின்னால் புதிதாக ஒரு முழு மோட்டார் பற்றுகிறது. மேல் மோட்டாருக்கு வானம் எது தரை எது என்று தெரியாது, மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் தள்ளும். அடுக்கு ராக்கெட்டில் உயரத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள்தான் அதிகம், நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: இரண்டாவது மோட்டார் பற்றும் நொடியில் மூக்கு எங்கே பார்க்கிறது. அதை முடிவு செய்வதெல்லாம் தரையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

எடை அதில் முக்கியம். சாதாரண இரண்டு அடுக்கு கிட், மோட்டார் இல்லாமல் 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், சி6 மோட்டார் ஒன்று சுமார் 24 கிராம், கிட்டும் இரண்டு மோட்டாரும் சேர்ந்து 90 கிராமைத் தொட்டுவிடும். சராசரி விசை 6 நியூட்டன், எடை 0.9 நியூட்டன், ஆறரை மடங்கு. ஐந்து மடங்குக்குக் கீழே போகக் கூடாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பேரன் மூக்கில் சின்னதாக ஒரு கேமராவை ஒட்டி, மேலே மூன்று கோட் பெயின்ட்டும் அடித்திருந்தால் 130 கிராம் ஆகியிருக்கும். சி6-0 தூக்கலாம் என்று தயாரிப்பாளர் போட்டிருக்கும் உச்ச எடையே சுமார் 113 கிராம்தான். கனத்த ராக்கெட் கம்பியை மெதுவாக விடும், மெதுவாக விட்டதைக் காற்று அதிகமாகத் திருப்பும். கேட்டுப் பாருங்கள், கேமரா இருந்ததா என்று.

சரி, அடுத்த முறைக்கு. காற்று மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் எந்த மாடல் ராக்கெட்டையும் விடக் கூடாது என்பது அமெரிக்க ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி. அடுக்கு ராக்கெட்டுக்கு நான் அதில் பாதியைக்கூட அனுமதிக்க மாட்டேன், விடியற்காலையில் இலை அசையாத நேரம் பார்த்து விடச் சொல்லுங்கள். முக்கால் மீட்டர் கம்பி வைத்திருந்தால் இன்னும் நீளமான, தடிமனான கம்பியாக மாற்றலாம். கீழே சி6-0 போடுவதற்குப் பதில் பி6-0 போட்டால் அது ஒரு வினாடிக்குள் எரிந்து முடித்து, ராக்கெட் சாய நேரம் கிடைக்கும் முன்பே மேல் மோட்டாரைப் பற்றவைத்துவிடும். மேலேயும் முதல் தடவை ஏ8-5 போதும். உயரம் குறையும்தான், குறையட்டும். கண்ணுக்கு எட்டும் உயரத்தில் அடுக்கு பிரிவதைப் பார்ப்பதில்தான் சுகமே.

இன்னொன்றும் அவனிடம் சொல்லுங்கள். எப்போதாவது கீழ் அடுக்கு கழன்று மேல் மோட்டார் பற்றாமலே போகும். பாரசூட்டைத் தள்ளும் மருந்து மேல் மோட்டாருக்குள்தான் இருக்கிறது, ஆகவே அந்த நேரம் மேல்பகுதி பாரசூட் இல்லாமல் மூக்கு கீழே பார்க்க நேராக இறங்கும். ராக்கெட் கிளம்பியதும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அதனால்தான்.

எங்கள் வீட்டு மொட்டைமாடி ரொம்பப் பெரிது, இரண்டு கட்டு வீடு. அங்கிருந்து விடலாமா? (எட்டாம் வகுப்பு மாணவன், கானாடுகாத்தான்)

கூடாது தம்பி. மாடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தெருவில் போகிறவர்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

ஃபின் ஒட்ட ஃபெவிக்விக் போதுமா? ஒட்டியதெல்லாம் தட்டினால் உடைகிறது. (வாசகர், கோட்டையூர்)

போதாது. அது சீக்கிரம் பிடிக்கும், ஆனால் மொறுமொறுப்பாகக் காயும், தரையில் ஒரு தட்டு வாங்கினால் விட்டுவிடும். தச்சர்கள் போடும் வெள்ளைப் பசைதான் காகிதக் குழாய்க்கும் பால்சாவுக்கும் ஏற்றது, இரண்டுக்குள்ளேயும் ஊறிப் பிடிக்கும். ஃபினின் ஓரத்தில் லேசாகத் தடவி, குழாயில் ஒரு தடவை வைத்து எடுத்து, ஒரு நிமிடம் காயவிட்டு மறுபடி வைத்தால் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. முழுக்கக் காய்ந்தபின் ஃபினும் குழாயும் சேரும் மூலையில் விரலால் பசையை ஒரு கோடாக இழுத்துவிடுங்கள், பலம் அந்தக் கோட்டில்தான் வருகிறது. வெட்டும்போது மரத்தின் நார் ஃபினின் முன் ஓரத்துக்கு இணையாகப் போக வேண்டும். குறுக்கே போனால் எந்தப் பசையாலும் காப்பாற்ற முடியாது, ஃபின் பசையில் விடாமல் மரத்திலேயே பிளக்கும்.

பூச்சுக்கு வந்தால், நம் ஊர் வீட்டுச் சுவர்களில் பழைய கொத்தனார்கள் மெல்லிசாகப் பூசி, தேய்த்து, காயவிட்டு, மறுபடி பூசி வழவழப்பு ஏற்றிய மாதிரிதான் இதுவும்: தடிமனாக ஒரே தடவை அடிப்பதைவிட மெல்லிசாக அடித்து உப்புத்தாளில் தேய்ப்பது எடையும் குறைவு, பார்க்கவும் அழகு. இரண்டு அடுக்கும் ஒன்றில் ஒன்று செருகும் இடத்தில் மட்டும் பெயின்ட் படவே கூடாது. பட்டு இறுகிவிட்டால் மேல் மோட்டார் பற்றியும் கீழ் அடுக்கு கழலாமல் கூடவே போகும். தலைகீழாகப் பிடித்து லேசாக உதறினால் கழல வேண்டும், சும்மா பிடித்தால் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

கல்லூரி அணியாக இரண்டு அடுக்கு ராக்கெட் வடிவமைக்கிறோம். கீழ் மோட்டாருக்கும் மேல் மோட்டாருக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி வருகிறது. நெருப்பு தாண்டுமா? பிறகு காம்போசிட் மோட்டாருக்கு மாறவும் யோசனை. (பொறியியல் மாணவர், காரைக்குடி)

கருமருந்து என்றால் தாண்டும், ஆனால் ஓட்டை போட வேண்டும்.

சின்ன ராக்கெட்டில் இரண்டு மோட்டாரையும் முட்ட வைத்து, சேரும் இடத்தில் செலோடேப் ஒரே ஒரு சுற்று சுற்றுவார்கள், மேல் மோட்டார் பற்றும் வரை அது பிடித்திருக்கும், பற்றியதும் விட்டுவிடும். இடைவெளி விட்டுச் செய்யும்போது வில்லன் நடுவில் அடைபட்டிருக்கும் காற்று. கீழ் மோட்டார் உடைந்து பாயும்போது சுடு வாயு வருவதற்கு முன்பே அந்தக் குளிர்ந்த காற்று அழுந்தி இரண்டு அடுக்கையும் பிரித்துத் தள்ளிவிடும், நெருப்பு வந்து சேரும்போது மேல் மோட்டார் அங்கே இருக்காது. அதனால் கீழ் அடுக்குக் குழாயின் மேல்பக்கம், மேல் மோட்டாரின் வாய்க்குச் சற்றுக் கீழே, எதிரெதிராக ஆறு மில்லிமீட்டர் அளவில் இரண்டு ஓட்டை போட்டால் காற்று அந்த வழியாக வெளியேறும், பின்னால் வரும் நெருப்பு மேல் மோட்டாரைச் சேரும். ஓரடி இடைவெளி வரை இப்படிச் செய்து பறக்கவிட்டிருக்கிறார்கள், உங்கள் 20 சென்டிமீட்டர் அதற்குள் வருகிறது. மேல் மோட்டார் தன் குழாய்க்குள் இறுக்கமாக உட்கார வேண்டும், இல்லையென்றால் பாரசூட்டைத் தள்ள வேண்டிய மருந்து மோட்டாரைப் பின்னால் துப்பிவிட்டுப் பாரசூட்டை உள்ளேயே விட்டுவிடும்.

காம்போசிட்டுக்கு, அதாவது கருமருந்துக்குப் பதில் ரப்பர் போன்ற கலவை எரிபொருள் அடைத்த மோட்டாருக்கு மாறினால் இந்த வித்தை எதுவும் செல்லாது. கருமருந்து மோட்டார் வாய்ப்பக்கம் பற்றி முன்னோக்கி எரிகிறது, காம்போசிட் மோட்டாரின் நடுவே நீளத் துளை இருக்கும், இக்னைட்டரை அந்தத் துளையின் உச்சி வரை ஏற்றிப் பற்றவைக்க வேண்டும். கீழிருந்து வரும் சுடு வாயுவை நம்பி விட முடியாது. டைமரோ உயரம் அளக்கும் ஆல்டிமீட்டரோ வைத்து மின்சாரத்தில்தான் பற்றவைக்க வேண்டும், அதில் சாய்வு பார்த்து நிறுத்தும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். தேவகோட்டை ஆச்சிக்குச் சொன்ன அதே விஷயம்தான், மூக்கு குறிப்பிட்ட பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் கருவி மேல் மோட்டாரைப் பற்றவைக்க மறுக்கும். கருமருந்தில் அந்த வசதி கிடையாது, மூக்கு எப்படிச் சாய்ந்திருந்தாலும் பற்றிவிடும்.

முழு ராக்கெட்டும் நிலையாக இருக்க வேண்டும், கீழ் அடுக்கு கழன்றபின் மேல்பகுதி தனியாகவும் நிலையாக இருக்க வேண்டும், இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எடைமையம் காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்கட்டும். இரண்டு மோட்டார் வாலில் உட்காருவதால் எடைமையம் பின்னால் வந்துவிடும், கீழ் அடுக்கின் ஃபின் பெரிதாக இருப்பது அதனால்தான், அழகுக்காக அதைச் சிறிதாக்கிவிடாதீர்கள். கணக்கு போட்டபிறகும், மோட்டார்களை ஏற்றி எடைமையத்தில் கயிறு கட்டித் தலையைச் சுற்றி ஒரு சுழற்று சுழற்றிப் பாருங்கள், மூக்கு முன்னால் போக வேண்டும். மோட்டார் கிடைக்கும் வழிக்கு, கல்லூரி வழியாகவே போங்கள். மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சேர்ந்த இன்ஸ்பேஸ் அமைப்பு கல்லூரி மாணவர்களுக்கு மாடல் ராக்கெட் போட்டி நடத்துகிறது, அதன் விதிகளைத் தேடிப் படியுங்கள்.

இரண்டு சி மோட்டார் சேர்ந்தால் ஒரு டி மோட்டார் அளவுதானே? பேசாமல் ஒரே டி மோட்டாரைப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி எதற்கு? (வாசகர், திருப்பத்தூர்)

கணக்கு சரி. சி இரண்டு முழுதாக 20 நியூட்டன்-வினாடி, டி ஒன்றும் அதே 20. இரண்டு அடுக்கில் காலியான கீழ்ப்பகுதியைச் சுமக்காமல் மேலே போகலாம் என்ற லாபம் உண்டு, ஆனால் காகித ராக்கெட்டில் அந்தக் காலிக் குழாயின் எடை என்ன பெரிய எடை. உயரம் மட்டும்தான் வேண்டும் என்றால் உங்கள் வழியே சுலபம், தோற்க வாய்ப்பும் குறைவு.

பெரிய ராக்கெட்டில்தான் அடுக்கு தவிர்க்க முடியாதது. நம் எஸ்எல்வி-3 1980 ஜூலை 18 அன்று சுமார் 17 டன் எடையோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிச் சுற்றுப்பாதையில் வைத்தது 35 கிலோ ரோகிணியை, அதற்கு நான்கு அடுக்கு தேவைப்பட்டது. திட்ட இயக்குநர் நம் பக்கத்து ராமேஸ்வரத்துக்காரர் கலாம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதன்முதலில் போன நைக்-அப்பாச்சி இரண்டு அடுக்கு, வளிமண்டல ஆய்வுக்கு அங்கிருந்து விடும் ரோகிணி ஆர்எச்-200-ம் இரண்டு அடுக்குதான். அந்த ராக்கெட்டுகளுக்கு அது தேவை. பையன்களுக்கு அது ஆசை. எரிந்து முடிந்த புகைக்கோட்டின் நுனியில் சட்டென்று இன்னொரு நெருப்பு கிளம்புவதைப் பார்க்கும் ஆசைக்கு டி மோட்டாரில் மருந்து கிடையாது.

மூன்று அடுக்கு கேட்டும் சிலர் எழுதியிருக்கிறார்கள். எஸ்டஸ் நிறுவனத்தின் கமாஞ்சி-3 அப்படி ஒன்று, கீழே டி12-0, நடுவே சி6-0, மேலே சி6-7. மேலே உள்ள மெல்லிய குழாய் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும், திரும்பக் கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு அடுக்கைப் பலமுறை நேராக விட்டவர்கள் மட்டும் அதைத் தொடுங்கள்.

எங்கள் கல்லூரி மாணவர்களுக்கு முறையான அனுமதியோடு மோட்டார் கிடைக்கும் என்று நம்புகிறோம். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் எங்கே, எப்போது விடலாம்? (ஓர் ஆசிரியர்)

அனுமதி காகிதம் கைக்கு வரட்டும், பிறகு இடம் பாருங்கள். இடத்துக்கும் தனியாக அனுமதி வேண்டும்: கண்மாய் என்றால் அது யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம், எந்த இடமானாலும் காவல் நிலையத்தில் எழுத்து மூலம். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் கிடக்கிறதே என்று எல்லோருக்கும் அதன் மேல் ஒரு கண். அது அரசு இடம், வேலி திறந்திருக்கிறது என்று உள்ளே போய்விடக் கூடாது.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேல்பகுதி 300 மீட்டர் போகிறது, பாரசூட்டில் வினாடிக்கு 4 மீட்டராக இறங்குகிறது என்றால் தரைக்கு வர 75 வினாடி. காற்று வினாடிக்கு 3 மீட்டர் என்றாலே 225 மீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். டி அளவு உந்துதலுக்குக் குறைந்தது 150 மீட்டர் அகலத் திடல் என்று அமெரிக்க விதி சொல்கிறது, நம் ஊரில் ஓரத்தில் பனையும் சீமைக் கருவேலமும் நிற்கும் என்பதால் அதைப்போல் இரண்டு மடங்கு பாருங்கள். பாரசூட்டுக்குப் பதில் நீள ரிப்பன் கட்டினால் சீக்கிரம் இறங்கும், செம்மண் பொட்டலில் விழுந்தாலும் லேசான ராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாயில் தண்ணீர் நிற்கும். ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாசி, பங்குனியில் கண்மாய் வற்றிய பிறகு காலை எட்டு மணிக்குள் விடுவதுதான் நல்லது, வெயில் ஏறினால் காற்றும் கிளம்பிவிடும். ஆனால் அதே மாதத்தில் அறுப்பு முடிந்த வயலில் தாளும் வைக்கோலும் காய்ந்து கிடக்கும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம், கீழ் அடுக்கு சூட்டோடு வந்து விழும். ஏவும் கம்பியைச் சுற்றித் தரையைச் செதுக்கிவிட்டு, அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரோடு நில்லுங்கள். டி அளவு வரை ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் போதும் என்பது விதி, மாணவர்கள் கட்டிய புது அடுக்கு ராக்கெட்டுக்கு இன்னும் பின்னால் போவது புத்திசாலித்தனம். பொத்தானை அழுத்தியும் பற்றவில்லை என்றால் பொத்தான் பெட்டியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் கிட்டே போக வேண்டும்.

பிரிந்து விழும் கீழ் அடுக்கைத் தேட ஒரு ஆளைத் தனியாக நிறுத்துங்கள், எல்லோரும் மேலே போவதையே பார்த்துக்கொண்டிருந்தால் அது எங்கே விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குச் சிவப்பும் காவியும் அடிக்காதீர்கள், நம் மண்ணில் கிடந்தால் காலில் மிதிபட்டால்தான் தெரியும். எலுமிச்சை மஞ்சளோ பளிச்சென்ற நீலமோ அடித்து, குழாயில் கல்லூரிப் பெயரையும் போன் எண்ணையும் எழுதிவிடுங்கள், ஆடு மேய்ப்பவர் கையில் கிடைத்தாலும் திரும்பி வரும்.